நான் எடுத்துக்கொண்டு போன ரசச் சொம்பு

போன மாதம் சசிகலா என் போனுக்கு ஒரு படம் அனுப்பினாள். நான் கிராம சுகாதார செவிலியராக இருந்து ஓய்வுபெற்ற துணை சுகாதார நிலையத்தில் இப்போது அவள்தான் இருக்கிறாள். படத்தில் ஒரு படிவம். சின்னக் குழந்தைகள் உள்ள வீடுகளில் நிரப்பிக் கொடுக்க வேண்டுமாம். அதில் ஒரு கேள்வியைச் சிவப்பு மையால் வட்டமிட்டிருந்தாள். "வீட்டில் ஈயப் பொருட்கள் புழக்கத்தில் உள்ளனவா? ஆம் / இல்லை." கீழே அவள் கேட்டிருந்தது இவ்வளவுதான்: "அக்கா, எல்லா வூட்லயும் இல்லன்னுதான் சொல்றாங்க. இல்லன்னே போட்டுடவா?"

நான் வடலூரில் என் வீட்டுக் கூடத்தில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். போட்டுவிடாதே, சாயங்காலம் பேசுகிறேன் என்று பதில் அனுப்பினேன். அதற்குப் பிறகு கீரையில் கை போகவில்லை. அந்தக் கேள்விக்கு நானும் ஒரு வீட்டில் பதில் எழுதியிருக்கிறேன். எங்கள் காலத்தில் படிவம் கிடையாது, பதிவேட்டில் ஒரு வரிதான். "ஈயப் பாத்திரம் இருந்தது, அகற்றப்பட்டது" என்று எழுதிக் கையெழுத்தும் போட்டேன். என் சர்வீஸில் நான் எழுதிய வரிகளிலேயே தப்பான வரி அது. அன்று சாயங்காலம் சசிகலாவிடம் அவசர அவசரமாகச் சொன்னதை இங்கே கொஞ்சம் நிதானமாக எழுதிவைக்கிறேன்.

நான் பெண்ணாடத்துக்காரி. கரும்பு லாரிக்குப் பின்னால் ஓடி ஒரு துண்டை உருவிக்கொண்டு பள்ளிக்கூடம் போனவள். கடலைப் பள்ளிச் சுற்றுலாவில் ஒரே ஒரு தடவை பார்த்திருக்கிறேன். பயிற்சியில் பிரசவம், தடுப்பூசி, வயிற்றுப்போக்கு, கருத்தடை என்று எல்லாம் சொல்லிக்கொடுத்தார்கள். ஈயம் என்று ஒரு பாடம் வந்ததாக நினைவில்லை. வந்திருந்தால் அந்த வகுப்பில் நான் தூங்கியிருப்பேன். வேலைக்காலத்தில் பாதிக்கு மேல் எங்கள் பக்கத்துக் கரும்பு ஊர்களிலேயே கழிந்தது. நாற்பத்தெட்டு வயதில்தான் கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் நடுவே கடற்கரையை ஒட்டிய கிராமங்களுக்கு என்னை மாற்றினார்கள். எந்த ஊர் என்று சொன்னால் அந்த வீட்டை அடையாளம் கண்டுபிடித்துவிடுவார்கள். அதனால் ஊர்ப் பேரைச் சொல்லவில்லை, ஆட்களின் பேரையும் மாற்றியிருக்கிறேன்.

புதன்கிழமை தடுப்பூசி. மற்ற நாளெல்லாம் வீடு வீடாகப் போவது. தோளில் ஒரு பை, அதில் இரும்புச்சத்து சிரப், பூச்சி மாத்திரை, உப்புச் சர்க்கரைப் பொட்டலம், பதிவேடு. நான் எந்த வீட்டிலும் உட்கார மாட்டேன். உட்கார்ந்தால் டீ போடுவார்கள், டீ வந்தால் கதை வரும், கதை வந்தால் அரை நாள் போச்சு. வாசல்படியில் நின்றபடியே கேட்க வேண்டியதைக் கேட்டு, எழுத வேண்டியதை எழுதிக்கொண்டு நடையைக் கட்டுவேன். நர்சம்மா காலில் சக்கரம் கட்டிக்கொண்டுதான் வரும் என்று பெண்கள் கேலி செய்வார்கள். எனக்கு அதில் கொஞ்சம் பெருமைகூட.

எங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அப்போதுதான் டாக்டர் ஆயிஷா வந்திருந்தார். பரங்கிப்பேட்டைக்காரர், முப்பது வயதுகூட ஆகவில்லை. நான் வேலையில் சேர்ந்த வருடம் இவர் பால்வாடிக்குப் போயிருப்பார் என்று முதல் நாளே கணக்குப் போட்டேன். அவருக்குக் கோபம் வந்து நான் பார்த்ததே இல்லை. சொல்வதில் ஏதாவது சரிப்படவில்லை என்றால் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துப்பட்டா நுனியால் துடைப்பார். துடைத்துக்கொண்டே, "சிஸ்டர், முதல்லேர்ந்து சொல்லுங்க" என்பார். அவ்வளவுதான். நாம் முதலிலிருந்து சொல்ல வேண்டும். நடுவில் ஒரு வார்த்தை பேச மாட்டார். முதல் தடவை நாம் விட்டுவிட்டது, இரண்டாம் தடவை தானாக வாயில் வந்து விழும். திட்டிவிட்டால்கூடத் தேவலை என்று இருக்கும்.

குழந்தைகளை அவர் பார்க்கிற முறையும் வேறு. மேசைமேல் ஏற்ற மாட்டார். தரையில் பாயைப் போட்டுத் தானும் உட்கார்ந்து, ஒரு ஸ்பூனையும் எவர்சில்வர் டம்ளரையும் கொடுத்து விளையாட விடுவார். எந்தக் கையால் எடுக்கிறது, கூப்பிட்டால் திரும்புகிறதா, எதை வாயில் வைக்கிறது என்று பார்த்துக்கொண்டே இருப்பார். வெளியே வரிசை நீளும். சின்ன டாக்டருக்கு விளையாட்டுப் புத்தி என்று நானும் முணுமுணுத்திருக்கிறேன்.

பவிக்கு அப்போது மூன்று வயது. அவள் அம்மா செல்வி, கைக்குழந்தைக்குத் தடுப்பூசி போட ஒரு புதன்கிழமை வந்தபோதுதான் அந்தப் பிள்ளையை முதலில் கவனித்தேன். அம்மாவின் புடவையைப் பிடித்துக்கொண்டு சோர்ந்துபோய் நின்றது. கண் ரப்பையை இழுத்துப் பார்த்தேன், வெள்ளைவெளேரென்று இருந்தது. மண்ணைத் தின்கிறாள், வயிற்று வலி என்று சுருண்டுகொள்கிறாள், வெளிக்குப் போய் நாலு நாள் ஆகிறது, தொட்டதற்கெல்லாம் அழுகை என்றாள் செல்வி. ஊர் அதற்குள் பேர் வைத்துவிட்டிருந்தது. சவலை. தம்பி பிறந்து அம்மா மடி பறிபோன ஏக்கத்தில் பிள்ளை இளைத்துப்போனால் அதுதானே பேர். நானும் தலையை ஆட்டினேன். பூச்சி மாத்திரை கொடுத்தேன், இரும்புச்சத்து சிரப் கொடுத்தேன். நடுவில், வயிற்றில் சிக்கியதை ஊதி எடுக்கிறேன் என்கிறவரிடம் தொக்கம் எடுக்கக் கூட்டிப் போனார்கள் என்று தெரிந்து செல்வியை ஒரு பிடி பிடித்தேன். அவர்கள் செய்தது மூடநம்பிக்கை, நான் செய்தது வைத்தியம் என்று எனக்கு நினைப்பு.

மூன்று மாதம் சிரப் உள்ளே போனது. ரத்தம் ஏறவில்லை. "அப்பா போட்டு", "தம்பி தா" என்று இரண்டிரண்டு வார்த்தையாகப் பேசிக்கொண்டிருந்த பிள்ளை, ஒவ்வொரு வார்த்தையாக விட்டுக்கொண்டே வந்தது. கடைசியில் வேண்டியதைக் கையால் காட்டி அழுவது மட்டும்தான். ஒரு நாள் செல்வி என்னைத் தெருவில் மறித்துக் கேட்டாள்.

"ஏன் நர்சம்மா, சவலன்னா பேச்சு கூடவா போவும்?"

அன்றைக்கே இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு டாக்டரிடம் போனேன்.

டாக்டர் ஆயிஷா பவியோடு பாயில் அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தார். பவி ஸ்பூனை எடுத்ததும் வாயில் வைத்துச் சப்பினாள். பேர் சொல்லிக் கூப்பிட்டால் மெதுவாகத் திரும்பினாள். சிரப்பை ஒழுங்காகக் கொடுக்கிறார்களா என்று டாக்டர் கேட்டார். கொடுக்கிறார்கள், மலம் கறுப்பாகப் போகிறதென்று செல்வி சொன்னாள் என்றேன். மூன்று மாதம் இரும்புச்சத்து கொடுத்தும் ரத்தம் ஏறவில்லை என்றால், அதை ஏறவிடாமல் உள்ளே எதுவோ இருக்கிறது என்றார் டாக்டர். ரத்தம் எடுத்துச் சென்னைக்கு அனுப்பினார். ரிப்போர்ட் வருவதற்குள் வீட்டில் ஈயம் ஏதாவது புழங்குகிறதா என்று பார்த்துவரச் சொன்னார்.

அது மீன்பிடித் தடைக்காலம். போட்டெல்லாம் கரையில் கிடந்தன. செல்வி வீட்டு வாசல்படியில் நின்றுகொண்டு, வீட்டில் ஈயம் எதுவும் புழங்குகிறீர்களா என்று கேட்டேன். அவள் கொஞ்சம் யோசித்தாள். உள்ளே போய் ஒரு ஈயச்சொம்பை எடுத்துக்கொண்டு வந்தாள்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. செல்வியின் அம்மா சிதம்பரத்தில் ஒரு வீட்டில் சமையல் வேலை பார்த்தவள். அந்த வீட்டம்மா செல்வியின் கல்யாணத்துக்குச் சீராகக் கொடுத்த சொம்பு அது. அந்தத் தெருவிலேயே யார் வீட்டிலும் அப்படி ஒன்று கிடையாது. அதில்தான் பவிக்குத் தினமும் ரசம் வைத்துச் சோறு பிசைந்து ஊட்டுவதாகச் சொன்னாள். எனக்கு வேறென்ன வேண்டும்? நஞ்சு கையில் சிக்கிவிட்டது. இதை நான் எடுத்துக்கொண்டு போகிறேன் என்றேன். செல்வி அதை முந்தானையால் ஒருமுறை துடைத்தாள், அடியில் இருந்த கரியையும் துடைத்தாள், பிறகு நீட்டினாள். கண் கலங்கியிருந்தது. பிள்ளைக்காகக் கொடுத்தாள்.

கிளம்பும்போது கடமைக்கு இன்னொரு கேள்வியும் கேட்டேன். பிள்ளை நாளெல்லாம் எங்கே இருக்கும், என்ன செய்யும்?

"எங்க போவா, வூட்லதான். அவுங்கப்பா மணி கோக்கும்போது பக்கத்துலயே குந்திக்கினு வெளையாடுவா."

மணி என்றதும் எனக்குப் பாசிமணி ஞாபகம்தான் வந்தது. கடற்கரையிலும் கோயில் வாசலிலும் சங்கு மாலை, பாசிமணி மாலை கட்டி விற்கிறார்களே, தடைக்காலத்தில் கைச்செலவுக்கு ஆகட்டும் என்று அவள் புருஷன் ஏழுமலை அதைக் கோக்கிறார் போலிருக்கிறது என்று நானே முடிவு செய்துகொண்டேன். உள்ளே எட்டிப் பார்த்திருந்தால் போதும். அதற்கு இரண்டு படி ஏற வேண்டும். மணியை முழுங்கிடப் போறா, பார்த்துக்கொள் என்று மட்டும் சொன்னேன்.

"அதெல்லாம் முழுங்க மாட்டா நர்சம்மா. துப்புன்னா துப்பிடுவா."

சமர்த்து என்று சொல்லிவிட்டு, சொம்பைப் பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன்.

ரிப்போர்ட் வந்தது. பிள்ளையின் ரத்தத்தில் ஈயம் எக்கச்சக்கமாக இருந்தது. புதுச்சேரியில் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்து, உடம்பிலிருந்து அதைப் பிடித்துச் சிறுநீரில் வெளியேற்றும் மாத்திரை கொடுத்தார்கள். அளவு குறைந்தது. வயிற்று வலி நின்றது. வீட்டுக்கு வந்த வாரம் பவி "தா" என்று ஒரு வார்த்தை சொன்னாள். எனக்குத் தலைகால் புரியவில்லை. மாதாந்திரக் கூட்டத்தில் எழுந்து நின்று சொம்புக் கதையைச் சொன்னேன், கை தட்டினார்கள். கேட்டுக்கொண்டிருந்த செவிலியர்கள் ஆளுக்கொரு பக்கம் ஈயச்சொம்பு வேட்டைக்குக் கிளம்பிவிட்டார்கள். அந்த மாதம் எங்கள் வட்டாரத்தில் எத்தனையோ வீட்டு ரசம் எவர்சில்வருக்கு மாறியது. ரசம் ருசி கெட்டுப்போனதற்கு என்னைத் திட்டாத மாமியார் கிடையாது.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. கடலுக்குப் போக முடியாமல் ஆண்கள் வீட்டில் அடைந்து கிடந்தார்கள். ஒரு நாள் காலை, மழையோடு மழையாகச் செல்வி பவியைத் தோளில் போட்டுக்கொண்டு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு ஓடிவந்தாள். பிள்ளைக்குக் கண் மேலே செருகி, கை கால் வெட்டி வெட்டி இழுத்தது. டாக்டர் ஊசி போட்டு வலிப்பை நிறுத்தி, ஆம்புலன்ஸில் ஏற்றிப் புதுச்சேரிக்கு அனுப்பினார். இரண்டு நாளில் ரத்த ரிப்போர்ட் வந்தது. ஈயம் முதல் தடவையைவிட ஜாஸ்தி.

டாக்டர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"சிஸ்டர், முதல்லேர்ந்து சொல்லுங்க."

சொன்னேன். வாசலில் நின்றது, சொம்பு, சீர், ரசம், எல்லாம் சொன்னேன். கடைசியில், அப்பா மணி கோக்கும்போது பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்து விளையாடும் என்று செல்வி சொன்னதையும் சொன்னேன். டாக்டர் முதல்முறையாகக் குறுக்கிட்டு என்னை நிறுத்தினார். எந்த மணி என்று கேட்டார். பாசிமணி மேடம் என்றேன். நீங்கள் கண்ணால் பார்த்தீர்களா என்றார். இல்லை என்றேன்.

அப்போதே ஜீப்பில் கிளம்பினோம். செல்வி ஆஸ்பத்திரியில் இருந்தாள். கைக்குழந்தையைப் பக்கத்து வீட்டில் விட்டிருந்தார்கள். ஏழுமலை மட்டும் வீட்டில் வலையை விரித்துப் போட்டு உட்கார்ந்திருந்தார். கை வேலையில் இருந்ததே தவிர முகம் செத்துப்போயிருந்தது. பிள்ளை எங்கே உட்கார்ந்து விளையாடும் என்று டாக்டர் கேட்டார். தன் வலது பக்கம் ஓர் இடத்தைக் காட்டினார். டாக்டர் அதே இடத்தில் போய்த் தரையில் உட்கார்ந்தார். வேறு வழியில்லாமல் நானும் உட்கார்ந்தேன். அந்த ஊருக்கு வந்து நான் உட்கார்ந்த முதல் வீடு அதுதான்.

உட்கார்ந்தால்தான் தெரிகிறது. சிமெண்டுத் தரை வெடிப்பில், வலை மடிப்பில், பாய்க்கு அடியில், எங்கே பார்த்தாலும் மொச்சைக்கொட்டை அளவில் சாம்பல் நிறத்தில் உருண்டைகள். சோறு ஆக்குகிற அடுப்பின்மேலேயே ஒரு இரும்புக் கரண்டி, அதன் விளிம்பில் உறைந்துபோன வெள்ளிப்பூச்சு. அடுப்பைச் சுற்றிச் சாம்பலோடு சாம்பலாக ஒரு மஞ்சள் பொடி. மழை என்பதால் உருக்குகிற வேலை உள்ளே வந்துவிட்டிருக்கிறது. ஏழுமலை எங்களோடு பேசிக்கொண்டே ஓர் உருண்டையை எடுத்தார். அதன் பிளவில் வலையின் கீழ்க்கயிற்றை நுழைத்தார். கடைவாயில் வைத்து ஒரு கடி கடித்தார். உருண்டை கயிற்றைக் கவ்விக்கொண்டது. அடுத்ததை எடுத்தார்.

"அண்ணே, அது என்னாது?" என்றார் டாக்டர்.

"மணிம்மா. வல முழுவறதுக்குக் கட்ற மணி."

"எதுல செய்வீங்க?"

"பழைய பேட்டரித் தகட்ட வாங்கியாந்து உருக்கி ஊத்தறதுதான்."

"அப்ப அது ஈயம்தான?"

ஏழுமலை கையை நிறுத்திவிட்டு எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஈயம்தான். நாங்க மணின்னுதான் சொல்லுவோம்."

டாக்டர் ஒரு மணியை எடுத்து, மருந்துச் சீட்டின் பின்பக்கத்தில் இழுத்தார். பென்சில் கோடு மாதிரி சாம்பல் கோடு விழுந்தது. பிறகு ஏழுமலையை வாயைத் திறக்கச் சொன்னார். பல்லும் ஈறும் சேருகிற இடத்தில் நீலமும் கறுப்புமாக மெல்லிய கோடு ஓடியது. யா அல்லாஹ் என்று டாக்டர் மெதுவாகச் சொன்னது எனக்குக் கேட்டது.

கூட்டத்தில் காட்டியதிலிருந்து அந்தச் சொம்பு என் பையிலேயே இருந்தது. டாக்டர் அதையும் வாங்கி அதே காகிதத்தில் அழுத்தித் தேய்த்தார். கோடு விழவில்லை. இது வெள்ளீயம், அது காரீயம், காரீயம்தான் நஞ்சு, நம் வாயில் இரண்டுக்கும் ஈயம் என்றுதான் வருகிறது என்றார். காகிதத்தை மட்டும் வைத்து முடிவு கட்டக்கூடாது, கலப்படம் இருந்தாலும் இருக்கும் என்று சொம்பைச் சோதனைக்கு அனுப்பினார். சுத்தமான வெள்ளீயம் என்று பிறகு தெரிந்தது. பாவம், ரசத்துக்கு ருசி கொடுத்ததைத் தவிர அது ஒரு குற்றமும் செய்யவில்லை. கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைவார்கள் என்பார்கள். நான் அதற்கும் ஒரு படி மேலே போய், வெண்ணெயை அங்கேயே விட்டுவிட்டு வெறும் சட்டியைத் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறேன். ஐந்து மாதம். அந்த ஐந்து மாதமும் பிள்ளை அதே இடத்தில் உட்கார்ந்து மணியைச் சப்பியிருக்கிறது.

திரும்பி வரும்போது ஜீப்பில் நான் அழுதேன். சும்மா கண்ணைத் துடைக்கிற அழுகை இல்லை, விக்கி விக்கி அழுதேன். டிரைவர் வண்டியை ஓரங்கட்டிவிட்டு டீ குடிக்கப் போகிறேன் என்று இறங்கிக்கொண்டார். டாக்டர் ஆயிஷா தன் வாப்பாவைப் பற்றிச் சொன்னார். பேட்டரி பழுது பார்க்கிற கடை வைத்திருந்தாராம். கடைசிக் காலத்தில் கை மணிக்கட்டு தொங்கிப்போய் டம்ளரைப் பிடிக்க முடியாமல் ஆகிவிட்டதாம்.

"வாப்பா ஈறுலயும் இதே கோடுதான் சிஸ்டர். பீடிக் கறைன்னு உம்மா வேப்பங்குச்சி ஒடிச்சிக் குடுப்பாங்க. காலேஜ்ல இந்தப் பாடம் வந்த அன்னிக்குத்தான் எனக்குப் புரிஞ்சுது. அப்ப வாப்பா மௌத்தாகி ரெண்டு வருஷம்."

என்னை மன்னித்தேன் என்று அவர் சொல்லவில்லை. டிரைவர் வந்ததும் கிளம்பினோம்.

அதற்குப் பிறகு அந்தத் தெருவில் நான் நின்று பேசியது கிடையாது. ஒவ்வொரு வீட்டிலும் ஏறி, பிள்ளை உட்காருகிற இடம் எது என்று கேட்டு, அங்கேயே போய் உட்கார்ந்தேன். ஈயம் என்ற வார்த்தையை எடுக்கவே இல்லை. மணி வூட்ல உருக்கறீங்களா, எந்த அடுப்புல, மணி எங்க வெச்சிருக்கீங்க என்றுதான் கேட்டேன். வீட்டுக்கு வீடு பதில் வந்தது. உருக்குகிற வேலையைப் பிள்ளைகள் வராத இடமாக, காற்றின் திசை பார்த்து, ஊருக்கு வெளியே கொண்டுபோனோம். பெருக்கினால் தூசி எழும்பும், ஈரத்துணியால் துடையுங்கள் என்றேன். வேலைத் துணியைத் தனியாகத் துவைக்கச் சொன்னேன். எல்லாவற்றுக்கும் சரி என்றார்கள். ஒன்றுக்கு மட்டும் ஆண்கள் பிடிகொடுக்கவில்லை. பல்லால் கடிக்காமல் குறடால் அழுத்துங்கள் என்றால், குறடு பிடித்தால் வேலை ஓடாது, கயிறு நசுங்கும், எங்கள் அப்பன் பாட்டன் எல்லாம் பல்லால்தான் கடித்தார்கள் என்றார்கள்.

ஏழுமலையும் அப்படித்தான். மகள்மேல் உயிர் அவருக்கு. ஆஸ்பத்திரி வராந்தாவில் துண்டை வாயில் வைத்துக்கொண்டு அவர் அழுததை நான் பார்த்திருக்கிறேன். அந்த வாயால்தானே பிள்ளைக்கு முத்தம் கொடுக்கிறீர்கள் என்று கேட்டேன், சத்தியம் செய்து கொடுத்தார். அடுத்த வாரம் போனால் கடைவாயில் மணி. ஐயோ, தெரியாமலே வாய்க்குப் போய்விடுகிறது நர்சம்மா என்று நாக்கைக் கடித்துக்கொள்வார். பீடியை விட்டவர், சாராயத்தை விட்டவர், இதை விட முடியவில்லை. பிள்ளை ஆஸ்பத்திரியிலிருந்து வந்தால் மறுபடியும் அதே வாய், அதே கை, அதே தரை. இன்னொரு தடவை வலிப்பு வந்தால் என்ன ஆகும் என்று டாக்டர் எனக்கு ஒளிக்காமல் சொல்லியிருந்தார்.

பவி இப்போது ஒன்பதாம் வகுப்பு. ஓட்டப்பந்தயத்தில் முதலில் வருவாள், நன்றாகச் சிரிப்பாள், தமிழை எழுத்துக்கூட்டி வாசித்துவிடுவாள். கணக்கு மட்டும் ஏறவே இல்லை. எத்தனை பேர் என்ன சொல்லிக்கொடுத்தும் பதினேழில் ஒன்பது போனால் என்ன என்று கேட்டால் விரலைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள். அந்த ஐந்து மாதம் இல்லாதிருந்தால் கணக்கு வந்திருக்குமா என்று யாராலும் சொல்ல முடியாது. டாக்டர் ஆயிஷாவிடம் கேட்டேன், சொல்ல முடியாது என்றார். எனக்கு நானே சொல்லிக்கொள்வது, வந்திருக்கும் என்றுதான்.

செல்வியிடம் ஒரு நாள் இதைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அவள் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள், முறத்தை நிறுத்தவில்லை.

"எத்தினியோ பேரு வந்து வாசல்ல நின்னு எய்திக்கினு போனாங்க. நீங்க ஒருத்தர்தான் சொம்பத் தூக்கினு போனீங்க. சொம்பு உங்ககிட்ட இருக்கங்காட்டி எப்பிடியும் திரும்பி வருவீங்கன்னு நெனச்சிக்கினேன்."

சசிகலாவிடம் அன்று சாயங்காலம் சொன்னதை இதோடு முடித்தேன். படிவத்தில் இல்லை என்று போடுவதற்கு முன்னால் அந்த வீட்டில் போய் உட்காரு, நீ உன் சொல்லில் கேட்காதே, அவர்கள் அதை என்ன பேரில் கூப்பிடுகிறார்கள் என்று கேள் என்று சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டேன். அவளுக்குச் சொல்லாமல் விட்டது ஒன்று இருக்கிறது, சொம்பைத் திருப்பிக் கொடுத்த நாள்.

சோதனை முடிந்து சொம்பு வருவதற்குள் தை பிறந்துவிட்டது. பவி ஆஸ்பத்திரியிலிருந்து வந்து ஒரு மாதம் ஆகியிருந்தது. வலிப்பு திரும்ப வரவில்லை. முகத்தில் கொஞ்சம் ரத்தம் தெரிந்தது. ஆனால் பேச்சு இல்லை. அந்த "தா"வும் போயிருந்தது. செல்வி நாள் முழுக்க அவளோடு பேசுவாள், பாட்டுப் பாடுவாள். பிள்ளை எதையாவது வாயில் போட்டால் "துப்பு, துப்பு" என்று ஓடுவாள். பக்கத்து வீட்டுக்காரிகளும் துப்பு, நான் போனால் நானும் துப்பு. அந்தப் பிள்ளை காதில் விழுந்ததெல்லாம் அந்த ஒரே வார்த்தைதான். ஒரு நாளும் திருப்பிச் சொன்னதில்லை.

நான் போனபோது ஏழுமலை வெளியே வேப்பமரத்தடியில் வலையோடு உட்கார்ந்திருந்தார். டாக்டர் வாங்கிக் கொடுத்த குறடு பக்கத்தில் கிடந்தது. வெய்யிலில் பளபளவென்று புதிதாக இருந்ததிலேயே எனக்கு விஷயம் தெரிந்துவிட்டது. நான் உள்ளே போய்த் தரையில் உட்கார்ந்து, பையிலிருந்து சொம்பை எடுத்துச் செல்வியிடம் கொடுத்தேன். அவள் வாங்கி, போன தடவை மாதிரியே முந்தானையால் துடைத்தாள். இன்னிக்கு ரசம் வெக்கிறேன், இருந்து சாப்பிட்டுட்டுத்தான் போவணும் என்றாள். சரி என்றேன்.

பவி சொம்பைப் பார்த்தாள். அடையாளம் தெரிந்ததோ என்னவோ, ஒரு விரலால் அதைத் தொட்டாள். பிறகு எழுந்து வாசலுக்குப் போனாள். நான் கதவோரமாக நகர்ந்து பார்த்தேன். நேரே அப்பாவிடம் போய், அவருடைய வலது பக்கத்தில் வழக்கமான இடத்தில் குந்திக்கொண்டாள். ஏழுமலை ஏதோ நினைப்பில் ஒரு மணியை எடுத்தார், கயிற்றை நுழைத்தார், கடைவாய்க்குக் கொண்டுபோனார். வேண்டாம் என்று நான் வாயைத் திறப்பதற்குள் பவி எழுந்து நின்றாள். தன் சின்னக் கையை அவருடைய மோவாய்க்குக் கீழே, செல்வி அவளுக்கு ஏந்துவது மாதிரியே, ஏந்தினாள்.

"துப்பு" என்றாள்.

உள்ளே செல்வி கையிலிருந்து கரண்டி விழுந்தது. ஏழுமலை அசையவில்லை. வாயில் மணியோடு மகளைப் பார்த்துக்கொண்டே இருந்தார், கண்ணிலிருந்து தண்ணீர் தாடிக்குள் இறங்கியது. பவிக்குப் பொறுமை போய்விட்டது.

"துப்புப்பா."

அவர் துப்பினார்.